சர்க்கரைத் தண்ணீருக்குக் காத்திருந்த பேத்தி

டைபாய்டு வந்து பிழைத்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டைபாய்டாக வேஷம் கட்டி ஆடிவிட்டு, அப்புறம் டைபாய்டு வந்து பிழைத்தவன், எனக்குத் தெரிந்து, செங்கல்பட்டு ஜில்லாவில் நான் ஒருவன்தான். இதை எழுதுவதற்கு எனக்கு இருக்கும் தகுதி அது ஒன்றே.

என் உத்தியோகம் சுகாதாரப் பிரசாரம். ஜீப்பில் ஊர் ஊராகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கிணற்றங்கரையில் குழந்தைகளை வெளிக்கு உட்கார வைக்காதீர்கள், சாப்பிடும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் நாடகமாகப் போட்டோம். எழுதியது நான். டாக்டர் வேஷத்துக்கு ஆபீஸில் அடிதடி. டாக்டருக்குக் கோட்டு உண்டு, கழுத்தில் குழாய் உண்டு, கடைசிக் காட்சியில் மாலை உண்டு. கிருமி வேஷத்துக்கு ஒரு ஆளும் வரவில்லை. ஆகவே கிருமி நானே. உடம்பெல்லாம் அடுப்புக்கரி, பின்னால் தேங்காய் நாரில் ஒரு வால். “நான் இறங்காத குடமுண்டோ, நான் ஏறாத விரலுண்டோ!” என்று குதிப்பேன். காவியங்களைக் கரைத்துக் குடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாத்திரம் வாலோடு கிடைத்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அந்த நாடகம் நடந்த சாயங்காலம்தான் எனக்கு முதலில் குளிர் எடுத்தது. கடல்காற்று என்று நினைத்தேன். பிறகு வியர்த்தது. கரி வழிந்து, நான் பாதிக் கிருமி பாதி அரசு ஊழியன் என்ற நிலைக்கு வந்தேன். டாக்டர் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டியதும் நான் துடித்துச் சாக வேண்டும். விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. குப்பமே கைதட்டியது. முன்வரிசையில் யாரோ “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள். என் நாடக வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் ஒன்ஸ்மோர் அது. எழுந்து மறுபடியும் சாக உடம்பில் தெம்பில்லை.

டைபாய்டு ஜுரத்தின் சுபாவம் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு சாயங்காலமும் முந்தின சாயங்காலத்தைவிட ஒரு படி மேலே ஏறும். காலையில் இறங்குவது போல நடிக்கும். தலை, நடுவில் ஆப்பு வைத்துப் பிளப்பது போல வலிக்கும். நாக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். தெரு டாக்டர் முதலில் மலேரியா என்றார், பிறகு அஜீரணம் என்றார், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தலை தானாகச் சுவரில் சாய்ந்தது. சுவரில் ஒரு விளம்பரத் தாள். ‘காய்ச்சிய நீரே கவலை தீர்க்கும்.’ எழுதியது நான். மோனை எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு அம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “வெறகுக்கு எவன் குடுப்பான்னு அதுல எழுதலியே?” என்றாள். என் தலை அந்தத் தாளின் மேலேயே இருந்தது.

லேடி டாக்டர் இளம் பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். டைபாய்டை எதிர்த்து உடம்பு படை திரட்டியிருந்தால் அந்தப் படையின் அடையாளம் ரத்தத்தில் தெரியும். அதைத்தான் அந்தச் சோதனையில் பார்க்கிறார்கள். என் ரத்தத்தில் படை நிறையவே இருந்தது.

“வெளியில எங்கெல்லாம் தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்டார்.

“எல்லா இடத்திலயும்தான் டாக்டர்.”

“உங்க வேலையே தண்ணியைக் காய்ச்சச் சொல்றதுதானே?”

நம் பக்கத்தில் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். வாங்கிக் குடித்தால்தான் வந்தவன் மனுஷன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ‘இது காய்ச்சினதா?’ என்று கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பல்லை எண்ணுவது மாதிரி. திருப்போரூரில் குடித்தேன், திருக்கழுக்குன்றத்தில் குடித்தேன், குப்பங்களில் குடித்தேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவே விடவில்லை. காரணம், வீட்டில் என் பெண் மல்லிகா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டைபாய்டுக் கிருமி குடலில் இருப்பது. மலத்தோடு வெளியே வந்து, தண்ணீர் வழியாகவோ கழுவாத கை வழியாகவோ அடுத்தவர் வாய்க்குள் போகும். “நிறை மாசப் பொண்ணு இருக்கிற வீட்டுக்கு உங்களை அனுப்ப மாட்டேன்” என்றார் டாக்டர். தொற்றுநோய் வார்டு வளாகத்தின் கடைக்கோடியில் தனிக் கட்டிடம். பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நான் எடுத்துப் போன தலையணை அளவு நாவல் வார்டுக்குள் வந்துவிட்டதால் இனி நூலகத்துக்குத் திரும்பாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். கடைசிவரை அதைத் தலையணையாகவே உபயோகித்தேன். எழுத்தாளர்கள் மன்னிக்க வேண்டும். கழுத்துக்கு மிகவும் இதமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

“அட, இன்னாது இது! நம்ம கிருமி சாரு!” ஜன்னலுக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்து, “ஏ அஞ்சல, இங்க பாரேன்! வாலு இல்லாம வந்து படுத்துகினு கீறாரு!”

அந்தக் குப்பத்துக்காரன். பெயர் தேசப்பன். கட்டுமரத்தில் போகிறவன். ஒன்ஸ்மோர் கேட்டது தான்தான் என்று பெருமையோடு சொன்னான்.

“தண்ணிய காய்ச்சு, தண்ணிய காய்ச்சுன்னு தொண்ட கியிய கத்தினியே சாரே, நீ காய்ச்சலியா?”

“வீட்டில காய்ச்சினேன் தேசப்பா.”

“அப்பறம் இன்னாத்துக்கு இங்க?”

“வெளியில குடிச்சேன். உங்க ஊர்லயும்தான் குடிச்சேன்.”

என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். “அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதான். சொந்தக்காரங்க ஆயிட்டோம். கல்யாணம் கில்யாணம்னா சொல்லி அனுப்பு.”

அந்த நாட்களில் டைபாய்டுக்குக் கொடுத்த மாத்திரையைவிடக் கொடுக்காத சோறுதான் பெரிய வைத்தியம். பார்லித் தண்ணீர், கஞ்சித் தெளிவு, பால். குடலின் உட்சுவர் புண்ணாகி மெலிந்திருக்கும், கெட்டியாக ஏதாவது போனால் ஓட்டை விழுந்துவிடும் என்று பயம். ஓட்டை விழுந்தால் பிழைப்பது கஷ்டம். டாக்டர் தினமும் வந்து வயிற்றில் கைவைத்து அழுத்துவார். அழுத்தும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் கை ஒரே இடத்தில் சற்று அதிகமாக நின்றது. அந்தச் சற்று நேரத்தில் எனக்குத் தெரிந்த தத்துவம் எல்லாம் கட்டிலை விட்டு இறங்கிப் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றுதான்: பெண்ணுக்குப் பிறக்கப்போவதைப் பார்க்காமல் போய்விடுவேனோ. “ஒண்ணுமில்ல, வாயுதான்” என்றார் டாக்டர். இலக்கியத்தில் வாயுவுக்கு உரிய மரியாதை தரப்படவில்லை என்று அன்று தோன்றியது.

பசி திரும்பியதும் ஜன்னல் ஒரு சாப்பாட்டுக் கடையாக மாறியது. அஞ்சலை வந்து நின்றால் தேசப்பன் முதலில் கேட்பது, “இன்னா பட்டுது இன்னிக்கி?” அவள் கொஞ்சமும் இரக்கம் இல்லாமல் சொல்வாள். வஞ்சிரம் பட்டுது, சுறா பட்டுது, புட்டு செஞ்சேன், பூண்டு தூக்கலா போட்டேன். இரண்டு கட்டில்களிலும் எச்சில் ஊறும். என் மனைவி சரோஜா வந்தால் நானும் கேட்பேன். தினமும் ஒரே பதில்: “பாகற்காய்ங்க.” இரண்டு வாரமாக என் வீட்டில் பாகற்காயைத் தவிர வேறு காய் நுழையவில்லை என்று நம்பினேன். பிறகு மச்சினன் வந்து உளறிவிட்டான். வீட்டில் எல்லாம்தான் சமைத்திருக்கிறார்கள். எனக்கு ஏக்கம் வரக் கூடாதென்று அவள் பாகற்காயிலேயே நின்றிருக்கிறாள். அவள் ஒரு பொய்யை இவ்வளவு நாள் கட்டிக்காத்ததை என் குடும்ப வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன்.

ஒரு மத்தியானம் சரோஜா வேர்க்க விறுவிறுக்க வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

“பொண்ணு பொறந்திருக்குதுங்க. தாயும் கொழந்தையும் நல்லா இருக்குது.”

“யார் மாதிரி?”

“இப்பவே எப்படிங்க தெரியும்? அழுதா உங்க குரல்தான். நிறுத்தவே மாட்டேங்குது.”

தேசப்பன் கட்டிலிலேயே குதித்தான். வார்டில் கொடுக்க இனிப்பு எதுவும் இல்லாததால் என் பங்கு பார்லியை அவனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

சரோஜா போகாமல் நின்றாள். “ஒரு விஷயங்க. கொழந்தைக்கு இன்னும் சர்க்கரைத் தண்ணி வைக்கல.”

நம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் யாராவது விரலால் தொட்டு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். சில ஊர்களில் சேனை என்பார்கள். வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

“சம்பந்தியம்மா கூடுவாஞ்சேரியிலேர்ந்து வந்துட்டாங்க. அவங்க வைக்கறேன்றாங்க. மல்லிகா விடமாட்டேன்றா. எங்கப்பா வந்துதான் வைக்கணும், அவர் குணந்தான் வரணும்னு ஒரே பிடிவாதம்.”

“என் குணமா?”

“நானும் அதேதான் கேட்டேன்” என்றாள் சரோஜா.

நான் சிரித்தேன். அவள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் குணத்தை இதற்கு முன் யாரும் கேட்டு வாங்கியதில்லை. மேலதிகாரிகள் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைகள் அதைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கின்றன. பிரசவித்த பெண் ஒருத்தி, பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேண்டும் என்கிறாள். மூன்று தெரு தள்ளி, நடந்து போகிற தூரத்தில், நான் பார்த்திராத ஒரு நாக்கு எனக்காகக் காத்திருக்கிறது. அன்றிலிருந்து என் கனவில் வஞ்சிரமும் வரவில்லை, சோறும் வரவில்லை. அந்த நாக்குதான் வந்தது. முகம் இல்லாமல், வெறும் நாக்கு. இதை அழகான கனவென்று சொல்ல மாட்டேன்.

ஜுரம் விட்டது. கஞ்சி குழைந்த சோறாயிற்று. அப்போதுதான் டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். ஜுரம் போய்விட்டாலும் சிலருடைய பித்தப்பையில் கிருமி வாடகை கொடுக்காமல் தங்கிவிடும். ஆள் நன்றாக இருப்பான், தின்பான், சிரிப்பான். அவன் மலத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். அவன் கை சரியாகக் கழுவாமல் தொட்ட சோறும் தண்ணீரும் அடுத்தவரைப் படுக்கவைக்கும். அதனால் மலத்தை மூன்று முறை இடைவெளி விட்டுச் சோதித்து, மூன்றும் சுத்தம் என்று வந்தால்தான் நிம்மதி.

தேசப்பனுக்கு மூன்றும் சுத்தம். எனக்கு முதலாவது சுத்தம். இரண்டாவதில் இருந்தது.

“நீ நெசக் கிருமி சாரே” என்றான் தேசப்பன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வுடு சாரே, மாத்தர போட்டா ஓடிடும்” என்று என் முதுகைத் தட்டினான்.

அவனை அனுப்பும்போது டாக்டர் கேட்டார்: “உங்க குப்பத்தில கக்கூஸ் இருக்கா?”

“கீதும்மா. நல்லா சிமிட்டி போட்டு கட்டிக் குடுத்துகிறாங்க. சாருதான் வந்து தொறந்து வெச்சாரு.”

“இனிமே அதுலதான் போகணும். கடற்கரையில போகக் கூடாது. மழை பேஞ்சா எல்லாம் நீங்க தண்ணி எடுக்கிற ஊத்துக்குத்தான் வரும்.”

“அதுல எப்டிம்மா போறது? உள்ள வலை கீதே.”

அந்தக் குப்பத்தில் ஒழுகாத கூரையும், தாழ்ப்பாள் போட்ட கதவும், எலி நுழையாத தரையும் உள்ள அறை அது ஒன்றுதான். வலை அவர்களுக்குச் சோறு. அவ்வளவு நல்ல அறையில் வலையை வைக்காமல் வேறு எதைச் செய்வார்கள்? நான் திறந்து வைத்த அன்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். சுகாதாரத்தின் மேல் இவ்வளவு பக்தியா என்று ஜீப்பில் திரும்பும்போது கண்கலங்கினேன். கும்பிட்டது வலை வைக்க இடம் கிடைத்ததற்கு.

“யம்மா” என்றாள் அஞ்சலை ஜன்னலிலிருந்து. “வலைய நான் எடுத்துடறேன். வூட்டு உள்ளயே பரணு கட்டிக்கறேன். தண்ணியும் காய்ச்சறேன்.” என்னைப் பார்த்து, “உன் நாடகத்துக்காக இல்ல சாரே, சொல்லிட்டேன். இந்தாளு இல்லாம வூடு வூடாவே இல்ல. மறுக்கா இங்க வந்து படுத்தா என்னால ஆவாது.”

என் வசனங்கள் செய்யாத வேலையை அவளுடைய ஏக்கம் செய்துவிட்டது. எழுத்தாளனாக எனக்கு வருத்தம்; பிரசாரகனாக எனக்குச் சம்மதம். அவர்கள் இருவரும் வளாகத்து வேப்பமரங்களுக்கு நடுவே போவதைப் பார்த்தேன். அவன் வேகமாக நடக்கப் பார்த்தான். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாக நடக்க வைத்தாள்.

எனக்கு மறுபடியும் மாத்திரை. மறுபடியும் சோதனை. இருந்தது.

“இனி இங்க வெச்சிருந்து பிரயோஜனமில்ல” என்றார் டாக்டர். “வீட்டுக்குப் போங்க. நிறையப் பேருக்குக் கொஞ்ச மாசத்தில தானாவே போயிடும். அதுவரைக்கும் தனித் தட்டு, தனி டம்ளர். சமையல்கட்டுக்குப் போகக் கூடாது. தண்ணிப் பானையைத் தொடக் கூடாது. கக்கூஸுக்குப் போய் வந்தா சோப்புப் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவணும்.”

“குழந்தையை?”

“கை கழுவிட்டுத் தூக்கலாம். விரல் வாய்கிட்டப் போகக் கூடாது.”

நான் தயங்கித் தயங்கி, “ஒரே ஒரு சொட்டு... சர்க்கரைத் தண்ணி...” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். “என்னைக் கேட்டா யாருமே வைக்க வேணாம். தாய்ப்பால் போதும். என்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சார், யார் வெச்சாலும் நீங்க வைக்காதீங்க.”

வீட்டுக்கு வந்தேன். நடுக்கூடத்தில் தொட்டில் கட்டியிருந்தது. அன்றைக்கே வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளிக் கிண்ணம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அதில் துளி சர்க்கரை. மல்லிகா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பேத்தியை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். நாக்குக்கு முகம் வந்திருந்தது. மூக்கு, பாவம், என்னுடையது.

கொல்லையில் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். இன்னொரு தரம் கழுவினேன். நகக்கண்களைத் தேய்த்தேன். வெயிலில் நீட்டிப் பார்த்தேன். பார்ப்பதற்கு அவ்வளவு சுத்தமான கை. அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நானே செய்திருப்பேன். என்னை நானே வாதாடி ஜெயித்துக்கொண்டு கூடத்து வாசற்படிவரைக்கும் வந்துவிட்டேன்.

“வாங்கப்பா” என்றாள் மல்லிகா.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். “வேணாம்மா. எனக்கு இன்னும் கிருமி போகல.”

“கழுவிட்டுத்தானே வந்தீங்க?”

“கழுவினேன். கழுவினது போதுமான்னு எனக்குத் தெரியாது. அது தெரியாதப்ப வைக்கக் கூடாது.”

சம்பந்தியம்மாள், “ஒரு சொட்டுதானே? எங்க காலத்தில இதெல்லாம் யார் பார்த்தாங்க? தாத்தா கையிலேர்ந்து வந்தா அமிர்தம்தான்” என்றார். நல்ல மனுஷி. அந்த நிமிஷத்தில் அவரைப் போல எனக்கு எதிரி யாரும் இல்லை.

மல்லிகாவின் கண் நிறைந்துவிட்டது. “நீங்க வைக்கலன்னா யாருமே வைக்க வேணாம். இத்தனை நாள் இதுக்குத்தான் வெச்சிருந்தேன்.”

நான் குழந்தையைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் பட்ட வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சரோஜா, நீ வை” என்றேன்.

சுவரோரம் நின்றிருந்தவள் திடுக்கிட்டாள். “நானா? எனக்கு என்னங்க குணம் இருக்குது, வைக்கறதுக்கு?”

சொல்ல நிறைய இருந்தது. கூட்டத்தில் பேசியே பழகிய வாய்க்கு அது வரவில்லை. “உன் கை சுத்தம்” என்று மட்டும் சொன்னேன்.

அவள் மல்லிகாவைப் பார்த்தாள். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தன் அம்மா பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். சரோஜா கொல்லைக்குப் போய்க் கை கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் கூடம்வரை கேட்டது. வந்து உட்கார்ந்து, முந்தானையில் துடைக்கப் போய், துடைக்காமல் கையை உதறிக்கொண்டு, விரலைக் கிண்ணத்தில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாள்.

குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு ருசி தெரிந்து, அந்த விரலைப் பற்றிக்கொண்டு சப்பத் தொடங்கியது. விடவில்லை. சரோஜா விரலை எடுக்கப் பார்த்து, முடியாமல், என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, படிக்கு இந்தப் பக்கம் நின்று, அது சப்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.